நன்றிக் கடிதத்தைத் திறனாய்வோம்: தோட்டப் பள்ளிக்கு வரும் உதவி குறித்து



திறனாய்வு என்றதும் கவிதை, சிறுகதை, நாவல் என்றுதான் நம் மனம் போகும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது அவ்வளவு பெருமை உடைய பனுவல் அல்ல. நம் தோட்டப்புறப் பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது எழுதப்படுவது, ஆனால் யாரும் திரும்பப் படித்துப் பார்க்காதது: உதவி செய்தவர்களுக்குப் பிள்ளைகள் எழுதும் நன்றிக் கடிதம்.

வெளிநாட்டுப் பள்ளி ஒன்று நம்மைச் சகோதரப் பள்ளியாக ஏற்கும்போதும், ஒரு நிறுவனமோ சங்கமோ நம் பள்ளியைத் 'தத்து' எடுக்கும்போதும், ஓர் அன்பர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும்போதும் இந்தக் கடிதம் எழுதப்படுகிறது. 'கல்விக்குக் கைகொடுப்போம்', 'கிராமப்புறப் பள்ளிகளின் மேம்பாடு' போன்ற தலைப்புகளில் நம் மாணவர்கள் கட்டுரையும் எழுதுகிறார்கள். கடிதத்தில் இருக்கும் அதே குறை கட்டுரையிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பேச நினைத்தேன்.

கடிதம் எழுதிய நாள்

சில ஆண்டுகளுக்கு முன் நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே, பெரிய சாலையை விட்டுச் செம்பனைக்குள் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு சிறிய பள்ளியில் பணியாற்றினேன். மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவோம். வெளிநாட்டு நகரப் பள்ளி ஒன்று எங்களோடு சகோதரப் பள்ளி உறவு வைத்திருந்தது. நமக்கு இது பக்கத்துத் தோட்டம். அவர்களுக்கு இது கடல் கடந்த ஒரு கிராமப்புறப் பள்ளி.

அந்த ஆண்டு அவர்கள் பள்ளிப் பைகள் அனுப்பினார்கள். நல்ல பைகள்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஆண்டில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த மூன்றாவது பை அது. ஏற்கெனவே ஒரு கோயிலும் ஒரு நிறுவனமும் கொடுத்திருந்தன. எங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேன் காசு. குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. பிள்ளைகள் வேனில் வருவார்கள். மாலை வகுப்பு வைத்தால் திரும்பிப் போக வண்டி இல்லை. அதனால் மாலை வகுப்பே இல்லை. இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பை வந்த வாரமே நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டும். நான் பலகையில் ஒரு மாதிரி எழுதிப் போட்டேன்:

'அன்புள்ள ஐயா, அம்மா. நான் ஓர் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். நீங்கள் கொடுத்த பை மிகவும் அழகாக இருக்கிறது. நீங்கள் இல்லையென்றால் எங்களால் படிக்க முடியாது. நான் நன்றாகப் படித்து மருத்துவர் ஆவேன்.'

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், எங்க பாட்டி பால்மரம் வெட்டினது பத்தி எழுதலாமா?"

"இப்ப வேணாம்மா. நன்றி மட்டும் எழுது. ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது" என்றேன்.

அவள் சொன்ன பேச்சைக் கேட்டாள். முன்பக்கத்தில் நான் போட்ட மாதிரியை அப்படியே எழுதினாள். பின்பக்கத்தில் பாட்டியைப் பற்றி எழுதிவிட்டாள். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய் நிற்பது, மரத்துக்கு மரம் மங்கு வைப்பது, மழை வந்தால் அன்றைய பால் கெட்டு உழைப்பு வீணாவது என்று எல்லாமே இருந்தது. உறையை ஒட்டும்போதுதான் பார்த்தேன். திரும்ப எழுதச் சொல்ல நேரமில்லாததால் அப்படியே அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, இருபத்தாறு கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் தனியாகப் பதில் வந்தது. அவள் பெயருக்கு. பாராட்டு இரண்டு வரிதான். மீதியெல்லாம் கேள்வி. ஏன் விடியற்காலையில்தான் வெட்ட வேண்டும்? மங்கு எவ்வளவு பெரியது? உங்கள் பாட்டி பள்ளிக்குப் போனார்களா?

கடைசிக் கேள்வியை நம் பக்கத்தில் யாரும் அந்தப் பாட்டியிடம் கேட்டதே இல்லை. பேத்தி போய்க் கேட்டாள். "போனேனே, இதே பள்ளிக்கூடம்தான், மூணாவது வரைக்கும்" என்றாராம்.

நான்கு வாக்கியங்கள்

இப்போது நான் பலகையில் எழுதிய மாதிரியைத் திறனாய்வோம். அதை எழுதியவன் நான் என்பதால் யார் மனமும் புண்படாது.

முதல் வாக்கியத்தில் பிள்ளை தன்னை 'இல்லாதவள்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். அவள் பெயர் கடைசியில், கையொப்பத்தில்தான் வருகிறது. அவளுக்குப் பந்தெறியத் தெரியும், மூன்று மொழி பேசத் தெரியும், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கூட்டி வரத் தெரியும். இதெல்லாம் கடிதத்தில் இல்லை.

இரண்டாம் வாக்கியம் உண்மை. ஆனால் எந்தப் பைக்கும் பொருந்தும் உண்மை.

மூன்றாம் வாக்கியம் பொய். எங்கள் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது. பாடநூல் இரவல் திட்டத்தில் வருகிறது. பிள்ளையை விடிகாலையில் எழுப்பி அனுப்புவது அவள் அம்மா. பை வராவிட்டாலும் அவள் படித்திருப்பாள். உதவியைப் பெரிதாகக் காட்ட, பெற்றோரின் உழைப்பை ஒரே வரியில் அழித்துவிட்டோம். அதையும் பிள்ளையின் கையெழுத்திலேயே செய்தோம்.

நான்காம் வாக்கியம் ஒரு கடன் பத்திரம். ஒரு பைக்கு ஈடாக ஒரு பிள்ளை தன் எதிர்காலத்தை வாக்குக் கொடுக்கிறாள். மருத்துவர் ஆகாமல் நல்ல கம்பியாள் ஆனாலோ கணக்காளர் ஆனாலோ அவள் வாக்குத் தவறியவளா?

இப்படிச் சொல்வதால் நன்றி கூறுவதே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்ந்நன்றி அறிதலுக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே இருக்கிறது. நன்றி உணர்ச்சி வேறு, நன்றி நாடகம் வேறு. முதலாவதைப் பிள்ளைக்கு நாம் கற்பிக்க வேண்டும். இரண்டாவதைப் பலகையில் எழுதிப் போட்டால், தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்ளும் நடையைத்தான் அவளுக்குக் கற்பிக்கிறோம்.

ஈகையா, ஒப்புரவா?

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுப்பதைப் பற்றியவையே. அப்படியானால் வள்ளுவர் ஏன் இரண்டாகப் பிரித்தார்? இது தேர்வில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் பயன்படும் கேள்வி.

ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. அங்கே ஒரு கை மேலே, ஒரு கை கீழே. அந்த அதிகாரத்திலேயே ஒரு நுட்பமான கருத்து உண்டு: கேட்டு வந்தவருடைய முகம் மலரும்வரை, கேட்கப்படுவதும் துன்பமான நிலையே என்பது. அங்கே மலர்ந்த முகம் கொடுப்பவரின் மனக்கலக்கத்தைத் தீர்க்கிறது. இன்று அதே மலர்ந்த முகம் ஆண்டறிக்கையின் அட்டைப்படமாகிவிட்டது.

ஒப்புரவு வேறு. அங்கே வரும் உவமைகளைப் பாருங்கள்: மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம். ஊருணியில் தண்ணீர் எடுப்பவர் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. ஊருணி ஊருக்கு நடுவில் இருக்கிறது, ஊராருடையது. ஒப்புரவு என்பது உலகத்தோடு ஒத்துப் போதல், ஒருவருக்கொருவர் உதவி வாழ்தல்.

பள்ளி உதவித் திட்டங்களை இந்த இரண்டு சொற்களால் அளந்து பார்க்கலாம். நிதியாதரவு என்பது பெரும்பாலும் ஈகை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. பசித்தவருக்குச் சோறுதான் முதலில். ஆனால் 'சகோதரப் பள்ளி' என்று பெயர் வைத்தால் அது ஒப்புரவாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி என்று சொல்லிவிட்டு, ஆண்டு முழுவதும் ஒருவரே கொடுத்து ஒருவரே வாங்கினால் அந்த உறவுக்கு வேறு பெயர்தான் பொருந்தும்.

'தத்து' என்ற சொல்லும் அப்படித்தான். 2006இல் தொடங்கிய பிந்தார் அறவாரியம் முதலாக, நிறுவனங்கள் பள்ளிகளை ஏற்றுக்கொள்ளும் திட்டங்கள் நம் நாட்டுக்குப் பழக்கமானவை. மலாயில் 'செக்கோலா அங்காட்' என்கிறோம். அதே 'அங்காட்' தத்துப் பிள்ளைக்கும் வரும். நெகிரி செம்பிலான் மாணவர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. நம் மாநிலத்தின் அடாட் பெர்ப்பாத்தே மரபில், வெளியாள் ஒருவரைத் தம் சுக்குவில், அதாவது குலத்தில், சேர்த்துக்கொள்ளும் சடங்கு இருக்கிறது. சேர்ந்தவர் அந்தக் குலத்துக்காரராகவே கருதப்படுவார். உறவும் கடமையும் அவருக்கும் உண்டு. அது ஏற்புக்கு நல்ல இலக்கணம். பள்ளியைத் தத்தெடுத்ததாகச் சொல்பவரிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுதான்: எங்களுக்கு அந்தக் குடும்பத்தில் பேச உரிமை உண்டா?

கொடுத்த கைகள் எவை?

தோட்டப் பள்ளி எப்போதும் வாங்கும் இடமாகவே இருந்ததாக நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நெகிரி செம்பிலான் அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். நிர்வாகம் வைத்தது. ஆனால் பல இடங்களில் கொட்டகை ஒன்றுதான் பள்ளி. கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோதான் வாத்தியார். பிள்ளை வளர்ந்தால் வெட்டுக்காடு காத்திருந்தது. அந்தப் பாட்டியின் 'மூணாவது வரைக்கும்' அதன் தொடர்ச்சிதான். தோட்ட முதலாளியே நம் பள்ளிகளின் முதல் 'ஆதரவாளர்' என்று சொல்லலாம். அவர் கொடுத்தார், ஆனால் நிலம் அவருடையதாகவே இருந்தது. அந்தச் சிக்கல் இன்றுவரை நீள்கிறது. நிலம் தனியாருடையது என்பதால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வரும். கட்டடத்துக்கு மற்றவர் கையைப் பார்க்க வேண்டும்.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். நெகிரி செம்பிலானில் 61. தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்குப் போனது, குடும்பங்கள் நகர்ந்தன. லாபு, சுவா பெத்தோங், கெமெஞ்சே, பகாவ் பக்கங்களில் பள்ளிப் பெயரில் இன்னும் 'லாடாங்' என்ற சொல் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி லயங்கள் குறைந்துவிட்டன.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1950களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாக இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்பது அந்த நிதியின் பெயர். தோட்டத் தொழிலாளர்களும் சாதாரண உழைப்பாளிகளும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. அன்று கொடுத்தவர் பால்வெட்டுத் தொழிலாளி, பெற்றது பல்கலைக்கழகம்! அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி யாரும் கேட்கவில்லை. ஊருணி வெட்டியவர் அதைக் கேட்பதில்லை.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். 'ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள்' என்று எழுத வைத்தேனே, அந்தக் குடும்பத்தின் தாத்தா பாட்டி தலைமுறை இப்படிக் கொடுத்த தலைமுறை. இதைச் சொல்லித் தராமல் நன்றிக் கடிதத்தை மட்டும் சொல்லித் தந்தது என் தவறு.

வேண்டுகோள் தாள்

நன்றிக் கடிதத்துக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு: உதவி கேட்டு அச்சடிக்கும் வேண்டுகோள் தாள். அதிலும் இதே நடைதான். வெறுங்காலோடு ஒரு பிள்ளை, ஒழுகும் கூரை, கீழே ஒரு தொகை.

இந்த நடை நம் ஊரில் பிறந்ததல்ல. போரில் தவித்த ஸ்பானியப் பிள்ளைகளுக்காக 1937இல் தொடங்கிய பிளான் அமைப்பும், 1950இல் தொடங்கிய வோர்ல்ட் விஷனும் 'ஒரு பிள்ளைக்கு ஓர் ஆதரவாளர்' என்ற முறையை உலகெங்கும் பரப்பின. 1982இல் பிரிட்டனின் நியூ இண்டர்நேஷனலிஸ்ட் இதழ் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்து எழுதியது. ஓர் ஊரில் சில பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது ஊரைப் பிரிக்கும், கடிதப் போக்குவரத்துக்கே பணமும் உழைப்பும் போகும், சார்ந்திருக்கும் மனம் வளரும் என்பவை அதன் வாதங்கள்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது திறனாய்வு ஆகாது. புரூஸ் வைடிக் முதலிய மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கம்பாஷன் இண்டர்நேஷனல் அமைப்பின் ஆதரவைப் பெற்று வளர்ந்தவர்களை ஆராய்ந்தது. ஆதரவு பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆக, 'நிதியாதரவு பயனற்றது' என்று ஒரு மாணவர் எழுதினால் மதிப்பெண் குறைக்கலாம். 'நிதியாதரவு பயனுடையது, ஆனால் அதைக் கேட்கும் முறையிலும் பெறும் முறையிலும் பிள்ளையின் மதிப்பு காக்கப்பட வேண்டும்' என்று எழுதினால் கூட்டித் தரலாம்.

பட்டியலை யார் எழுதுவது?

எங்கள் மூன்றாவது பைக்குத் திரும்பி வருகிறேன். அது வீணானதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. தேவைப் பட்டியலை எழுதியவர் தேவை இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊரே உட்கார்ந்து பட்டியல் போடும். ஒருவர் நிலம் தருவார், ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம், ஒருவர் சீருடைத் துணி. கொடுத்தவர் உள்ளூர்க்காரர் என்பதால், பெஞ்சு உடைந்தால் யாரிடம் போக வேண்டும் என்றும் ஊருக்குத் தெரியும். அதே தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' திட்டம், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ அழைக்கிறது. கொடுப்பவர் தூரமாகத் தூரமாக, பட்டியல் பள்ளியிலிருந்தே வர வேண்டியது இன்னும் அவசியமாகிறது.

நம்மைப் போலவே தோட்டத்தில் பிறந்த இன்னொரு பள்ளிக் கூட்டம் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. அங்கே வெளிநாட்டு உதவி, குறிப்பாக சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவி, 1980களிலும் அதன் பின்னும் வந்தது. அதில் நமக்குப் பாடமாவது கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஜெர்மனி உதவியோடு உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது. பை ஓராண்டில் கிழியும். ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டு நிற்பார். உதவி எவ்வளவு என்பதைவிட, உதவி நின்ற பிறகு என்ன மிஞ்சும் என்பதே சரியான கேள்வி.

நாம் என்ன கொடுக்கலாம்?

சகோதரப் பள்ளி உறவில் நம் பக்கத்திலிருந்து போக ஒன்றுமில்லை என்று நினைப்பதுதான் எல்லாக் குறைக்கும் வேர். அந்த மாணவிக்கு வந்த முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஏன் விடியற்காலையில் பால் வெட்ட வேண்டும்? காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், பாலும் குறையும். இது அறிவியல் பாடம். கொடுக்கத் தெரிந்தவர் அந்தப் பாட்டி. எந்த நகரப் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலும் இது கிடைக்காது.

இன்னும் சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டுப் பாடத்தை ஒரே வகுப்பில் நடத்தும் திறமை பெரிய பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியாது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இயல்பாகவே உண்டு. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் புழங்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். பெரட்டு, மங்கு, வெட்டுக்காடு போன்ற சொற்களோடு ஒரு தோட்டச் சொல் அகராதியைப் பிள்ளைகளே தொகுத்து அனுப்பினால், வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பரிசு வேறென்ன?

எனவே வெளிநாட்டுப் பள்ளியோ ஆதரவாளரோ வரும்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் சேர்ந்து மூன்று கேள்விகளை மேசையில் வைக்கலாம்.

1. தேவைப் பட்டியலை எழுதுபவர் யார்? பள்ளியே எழுத வேண்டும். 'வேன் காசு' என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். படத்தில் அழகாக விழாத தேவைதான் பல நேரம் பெரிய தேவை.

2. நம்மிடமிருந்து என்ன போகிறது? நன்றியைத் தவிர இன்னொன்றாவது போக வேண்டும்.

3. உதவி நின்றால் என்ன மிஞ்சும்? ஒரு பயிற்சி, ஒரு நூலகப் பழக்கம், ஒரு தொடர் நட்பு ஏதாவது மிஞ்ச வேண்டும்.

"இப்படியெல்லாம் கேள்வி கேட்டா வர்ற உதவியும் போயிடுமே சார்" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நியாயமான பயம். முப்பது பிள்ளைகூட இல்லாத பள்ளிக்கு ஒரு கணினியும் பெரிய விஷயம். ஆனால் என் அனுபவத்தில், பதில் எழுதத் தூண்டியது நன்றி நிறைந்த இருபத்தைந்து கடிதங்கள் அல்ல, பாட்டி இருந்த ஒன்றுதான். கொடுப்பவர்களில் நல்லவர்களுக்கும் ஓர் உறவுதான் வேண்டியிருக்கிறது. அந்த வழியை அவர்களுக்கு நாம் காட்டுவதில்லை.

தேர்வு மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் கட்டுரை வந்தால் நம் மாணவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்:

'தோட்டப்புற மாணவர்கள் மிகவும் ஏழ்மையில் வாடுகின்றனர். ஆகவே, பொது இயக்கங்களும் வெளிநாட்டுப் பள்ளிகளும் அவர்களுக்கு உதவிக்கரம் நீட்ட வேண்டும். இதனால் அவர்கள் கல்வியில் சிறந்து விளங்குவர்.'

இலக்கணப் பிழை இல்லை. கருத்தும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதில் யாருக்கும் முகம் இல்லை. என்ன தேவை, யார் சொன்னது, எப்படிச் சிறந்து விளங்குவர் என்ற மூன்றுக்கும் விடை இல்லை. இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

'மாணவர் குறைந்த ஒரு தோட்டப் பள்ளிக்குப் பையைவிடப் போக்குவரத்து வசதியே முதல் தேவையாக இருக்கலாம். அதை அறிய, சகோதரப் பள்ளி முதலில் கேட்க வேண்டும். பதிலுக்குத் தோட்டப் பள்ளி மாணவர்கள் தங்கள் வட்டார வரலாற்றையும் தொழில் அறிவையும் பகிர்ந்துகொண்டால், அவ்வுறவு ஈகையாக நின்றுவிடாமல் ஒப்புரவாக வளரும்.'

இரண்டாவதில் ஒரு குறிப்பிட்ட தேவை, ஒரு வழிமுறை, ஒரு மதிப்பீடு என மூன்றும் உள்ளன. சான்றுக்கு 'தமிழ் எங்கள் உயிர்' நிதியையோ பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையோ ஒரு வரியில் சேர்த்தால் கருத்து இன்னும் உறுதிப்படும். விவாதக் கட்டுரை என்றால் நிதியாதரவின் நன்மையையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடவடிக்கை: நான் மேலே காட்டிய நான்கு வாக்கியக் கடிதத்தைப் பலகையில் எழுதி, மாணவர்களையே திருத்தச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: நன்றி இருக்க வேண்டும், ஆனால் தன்னைத் தாழ்த்தும் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. கடிதத்தில் பெறுபவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேள்வி இருந்தால்தான் பதில் வரும். அலுவல் கடிதத்துக்கும் நட்புக் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அப்படியே விளக்கிவிடலாம்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கிறாள். நான் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். இங்கேயும் ஆண்டுத் தொடக்கத்தில் பைகள் வருகின்றன, கடிதங்களும் எழுதுகிறோம். இப்போதெல்லாம் நான் பலகையில் மாதிரி எழுதிப் போடுவதில்லை. "முன்பக்கத்துல நன்றி எழுதுங்க, பின்பக்கம் உங்களுக்கு" என்று மட்டும் சொல்கிறேன்.